மேனேஜரின் இடுப்பளவு

பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மகளும் நானும் சுகமாக இருக்கிறோம். தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தையல் மெஷினை மிதிக்க முடிகிறதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போன வாரம் இங்கே வந்து இறங்கியதும் போன் செய்தேனே, அது தங்களுக்கு நினைவிருக்கும். "அப்புறம் மாமா?" என்றேன். "நீங்கதான் சொல்லணும் மாப்ள" என்றீர்கள். "இங்க ஒண்ணுமில்ல மாமா. அங்க?" என்றேன். "இங்கயும் ஒண்ணுமில்ல. அப்புறம்?" என்றீர்கள். இப்படியே பேசி முடித்து வைத்தோம். உங்கள் மகள் பக்கத்தில் நின்று சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது. கடிதம் என்றால் எனக்குக் கொஞ்சம் பேச்சு வரும்.

பார்சல் கம்பெனி கொடுத்த வீடு நன்றாகத்தான் இருக்கிறது. வாசல் கேட்டில் 'வளர்ப்புப் பிராணிகள் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மேனேஜரின் ஞாபகம் வருகிறது. அந்த முயல் கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னோடு இருப்பது. என் முதல் மேலதிகாரி, நான் நீட்டுகிற காகிதத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்து, மூக்கை அசைத்து, ஒன்றும் சொல்லாமல் திரும்பிக்கொள்வார். முயலும் அப்படியே செய்ததால் அந்தப் பெயர். வேறு வீடு கிடைத்ததும் வந்து அழைத்துக்கொள்கிறேன். அதுவரை தங்களுக்குச் சிரமம்.

ஸ்டேஷனில் அவரைப் பற்றி இரண்டொரு விஷயம் சொல்ல வாயெடுத்தேன். "மொயல் வளக்க எனக்கே சொல்லித் தரீங்களா?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன். கூடையோடு கொடுத்த மூட்டை பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

தங்கள் அன்புள்ள மருமகன்


பிப்ரவரி 14

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நான் நலம். முழங்கால் அதன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு மிதிக்கிறேன். மகளை வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும்.

உங்கள் பிராணி நலம். அதை மேனேஜர் என்று நான் கூப்பிடுவதாக இல்லை. கடைக்கு நாலு பேர் வந்து போகிறார்கள். "மேனேஜர் மேசைக்கடியில அசிங்கம் பண்ணிட்டார்" என்று நான் சொல்லி, யார் காதிலாவது விழுந்தால் என்ன ஆவது? 'ஏய்' என்றுதான் கூப்பிடுகிறேன். திரும்பிப் பார்ப்பதில்லை. உங்கள் வீட்டில் செல்லம் அதிகம் என்று தெரிகிறது.

துணி வெட்டும் மேசைக்கடியில் இடம் ஒதுக்கியிருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறை வைக்கவில்லை. காலையில் கேரட். பத்து மணிக்கு நான் டீ குடிக்கும்போது அதற்கும் ஒரு பிஸ்கட். மதியம் கேரட்டும் ரொட்டி ஓரமும். சாயங்காலம் மறுபடியும் கேரட். முயலுக்குக் கேரட் என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். எல்லாப் படப் புத்தகத்திலும் இருக்கிறது.

மூட்டையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல காய்ந்த புல். இடிபடாமல் இருக்கக் கூடையைச் சுற்றி வைத்து அனுப்பியிருக்கிறீர்கள், யோசனைதான். வீணாக்குவானேன் என்று அதை அடைத்து என் முக்காலிக்கு ஒரு மெத்தை தைத்துவிட்டேன். இடுப்புக்கு இதமாக இருக்கிறது.

நான் எதையும் அளக்காமல் நம்புகிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் பிராணியையும் அளந்தேன். இடுப்புச் சுற்றளவு பதினான்கு அங்குலம். நாடா முனையைக் கண்ணால் பார்க்கவே வேண்டாம், என் கட்டைவிரலே அளந்துவிடும். மாதாமாதம் எழுதுகிறேன். ஒரு சுற்றுக் குறைந்தாலும் என்னைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
மாமா


பிப்ரவரி 27

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் சுகம். தங்கள் கடிதம் கண்டு மிக்க மகிழ்ச்சி அடைந்தோம். பதினான்கு அங்குலம் என்பதைப் படித்து உங்கள் மகள், "எங்கப்பா உனக்குக் கூட இவ்ளோ அக்கறையா அளவெடுக்கல" என்றாள். என் கல்யாணக் கால்சட்டையைத்தான் சொல்கிறாள். அது மிக நன்றாகவே இருக்கிறது மாமா. பெல்ட் போட்டால் போதும்.

மெத்தை மிகவும் புதுமையான யோசனை. எனக்குத் தோன்றியிருக்காது. அந்தப் புல்லின்மேல் முயல்களுக்கும் ஓரளவு ஈடுபாடு உண்டு என்று சிலர் சொல்கிறார்கள். கேரட்டும் நல்லதுதான். அதில் சந்தேகமில்லை. கேரட்டை எப்போதாவது கொடுத்தால் போதும், மற்ற நேரம் காய்ந்த புல்லே நல்லது என்றும் சிலர் சொல்வதுண்டு. பிஸ்கட் விஷயத்தில் சிலருக்கு வேறு கருத்தும் இருக்கிறது. தங்கள் அனுபவத்துக்கு முன்னால் இதெல்லாம் பெரிதில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். கேட்கக் கை கூசுகிறது. தங்களிடம் இப்படி எழுத நேரும் என்று நான் நினைத்ததில்லை. மேனேஜரின் காலைக்கடன், அதாவது அந்தச் சிறு உருண்டைகள், எண்ணிக்கையிலும் உருவத்திலும் முன்போலவே இருக்கின்றனவா? மரியாதைக் குறைவாக இருந்தால் மன்னிக்கவும். பதில் எழுதாவிட்டாலும் வருத்தமில்லை.

தங்கள் அன்புள்ள மருமகன்


ஏப்ரல் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே சுகம். பதில் தாமதமானதற்குக் காரணம் கடையில் ஒரு தொல்லை. பின்னால் சொல்கிறேன்.

கேரட் நல்லதுதான், சந்தேகமில்லை என்று நீங்களே எழுதியது மனசுக்குத் தெம்பாக இருந்தது. ஊரில் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள். சிலர் பேச்சைக் கேட்டால் வாழ முடியுமா? ஒரு கேரட்டைக் கூட்டியிருக்கிறேன்.

புல்மேல் ஈடுபாடு என்று எழுதினீர்களே, ரொம்பச் சரி. நான் எழுந்தால் போதும், முக்காலி மெத்தையைப் போய்க் கடிக்கிறது. தையலைப் பிரித்தது, தைத்தேன். மறுபடி பிரித்தது, மறுபடி தைத்தேன். இப்போது கெட்டிக் கித்தானில் இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். இனி அதன் பாட்டனாலும் பிரிக்க முடியாது. அளவு நாடாவையும் விட்டுவைக்கவில்லை. முனையில் இருந்த பித்தளைத் தகடு எங்கேயோ விழுந்து, நுனி நார் நாராகத் தொங்கியது. மடித்து ஓரம் தைத்தேன். யார் பார்த்தாலும் புது நாடா என்பார்கள்.

நீங்கள் கேட்ட அந்த விஷயம். எழுதுவதில் எனக்கும் கூச்சம்தான், கேட்டுவிட்டீர்கள். ஆரம்பத்தில் ரொம்பத் தொல்லை. மேசைக்கடியில் மிளகு மூட்டை அவிழ்ந்த மாதிரி கிடக்கும். என் கண்டிப்பினால் இப்போது ஒழுக்கம் வந்துவிட்டது. ஏதோ நாலு, அதுவும் சின்னச் சின்னதாக. நேற்று அதுவும் இல்லை. சாப்பாட்டிலும் அடக்கம் வந்திருக்கிறது. பிஸ்கட்டை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிடுகிறது. தண்ணீர் குடித்துவிட்டு வாயைத் துடைப்பதில்லை. தாடை எப்போதும் ஈரம். அதை மட்டும் இன்னும் திருத்த முடியவில்லை.

நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. இடுப்பு இன்று காலை அளந்தேன். பதினைந்து அங்குலம்! ஒரு அங்குலம் கூடியிருக்கிறது. மாமா சாப்பாடு.

கடைத் தொல்லை இதுதான். ஊரில் எல்லோரும் மெலிந்துகொண்டே போகிறார்கள். பேக்கரிக்காரர் தைத்து வாங்கிய கால்சட்டை நிற்கவில்லை என்று கையில் பிடித்துக்கொண்டே வந்தார். "அளவு எடுத்தப்ப நல்லா இருந்தீங்க, ஒரு வாரத்துல இப்படி எளைச்சிருக்கீங்களே, டாக்டரைப் பாருங்க" என்றேன். மனிதர் பயந்துபோய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். அடுத்து பஸ் டிரைவர். அவருக்கும் அதே கதி. காலம் கெட்டுக் கிடக்கிறது.

இப்படிக்கு,
மாமா


ஏப்ரல் 13

அப்பா,

நான்தான். நாங்கள் நன்றாக இருக்கிறோம். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. 'மாமா அவர்களின் கண்டிப்பு பாராட்டத்தக்கது, எனினும்' என்று ஆரம்பித்து எழுதிக் கிழித்தார். மறுபடி எழுதிக் கிழித்தார். பேனாவைப் பிடுங்கி நான் எழுதுகிறேன். கடைக்குப் போன் செய்து செய்து பார்த்தேன், மணியே அடிக்கவில்லை. கம்பெனியின் அவசரப் பார்சல் வண்டியில் இந்தக் கடிதமும் ஒரு மூட்டைப் புல்லும் வருகின்றன.

முயல் அடங்கி ஒடுங்கி இருக்கவில்லை அப்பா. பட்டினி கிடக்கிறது. உருண்டை குறைந்தால் உள்ளே குடல் நிற்கிறது என்று அர்த்தம். தாடை ஈரமென்றால் பல்லில் ஏதோ கோளாறு, மெல்ல முடியாமல் எச்சில் ஒழுகுகிறது. புல்தான் அதற்குச் சாப்பாடு. கேரட் இல்லை, பிஸ்கட் இல்லை, புல். அது பொட்டலம் கட்டுகிற சாமான் இல்லை. இரண்டு மாதமாக அதன் சாப்பாட்டின்மேல் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதுவும் பாவம் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறது, நீங்கள் இரட்டைத் தையல் போட்டிருக்கிறீர்கள்.

இதைப் படித்து முடிக்க வேண்டாம். பிராணி டாக்டரிடம் ஓடுங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலே முயல் செத்துப்போகலாம்.

மகள்


ஏப்ரல் 18

மாப்பிள்ளைக்கு,

உயிரோடு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மகளின் கடிதம் வந்தபோது பஸ் டிரைவருக்குச் சட்டை அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். படித்ததும் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மேசைக்கடியில் குனிந்தேன். பார்சல் மூட்டையைப் பிரிக்கக்கூடத் தோன்றவில்லை. கத்தரிக்கோலை எடுத்து என் மெத்தையைக் குறுக்கே வெட்டினேன். புல்லை அள்ளி அதன் முன்னால் வைத்தேன். முகர்ந்தது. ஒரு புல் தாளை வாயில் எடுத்தது. மெல்ல முடியாமல் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தது. மாப்பிள்ளை, நீங்கள் சொன்ன அந்த ஒற்றைக் கண் பார்வை. அதை என்னால் தாங்க முடியவில்லை. தைத்து வைத்திருந்த ஒரு கோட்டுக்குள் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினேன். டிரைவர் கையைத் தூக்கியபடியே நின்றிருப்பார், பாவம்.

பிராணி டாக்டரம்மா வயதில் என் மகளைவிடச் சின்னவர். தொட்டுப் பார்த்ததும், "ரொம்ப எளைச்சுப் போச்சே ஐயா" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எளைக்கிறதாவது! போன வாரம் அளந்தேன், ஒரு அங்குலம் கூடியிருக்கு. என் நாடா பொய் சொல்லாதும்மா" என்று கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "ஐயா, உங்க நாடாவுல ஒண்ணும் ரெண்டும் காணோம், மூணுலேர்ந்து ஆரம்பிக்குதே?" என்றார்.

முதல் இரண்டு அங்குலத்தை உங்கள் முயல் தின்றிருக்கிறது. மிச்சத்துக்கு நான் அழகாக ஓரம் தைத்திருக்கிறேன். பதினைந்து என்று நான் பெருமையாக எழுதியது பதின்மூன்று. அது என் கண் முன்னால் மெலிந்துகொண்டிருந்தது, நான் பருக்கிறது என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆளை அந்த நாடாவால் அளந்து, துணியை மர ஸ்கேலால் குறித்து வெட்டியிருக்கிறேன். பேக்கரிக்காரர் மெலியவில்லை. டிரைவர் மெலியவில்லை. ஊரில் மெலிந்தது ஒரே ஒரு ஜீவன்தான்.

பின்பற்கள் வளர்ந்து கன்னத்தைக் குத்தியிருக்கின்றன. முயலுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்குமாம், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயுமாம். மயக்க மருந்து கொடுத்து ராவி விட்டிருக்கிறார்கள். ஊசியில்லாத சிரிஞ்சியில் கூழ் கரைத்து நான் ஊட்டுகிறேன். இன்னும் தானாகச் சாப்பிடவில்லை.

உங்கள்மேல் எனக்குக் கோபம். 'சிலர் சொல்கிறார்கள்', 'சிலர் சொல்கிறார்கள்' என்று எழுதினீர்களே, யார் அந்தச் சிலர்? 'மாமா, அது சாப்பாடு, அதில் உட்காராதீர்கள்' என்று ஒரு வரி எழுதினால் நான் உங்களைக் கடித்தா விடுவேன்? ஸ்டேஷனில் உங்களைப் பேசவிடாமல் சிரித்தவன் நான்தான். அதையும் தெரிந்துதான் எழுதுகிறேன். உங்கள் மரியாதையும் என் பெருமையும் சேர்ந்து ஒரு வாயில்லாப் பிராணியைக் கொல்லப் பார்த்தன.

பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. இனிமேலாவது நேராக எழுதுங்கள்.

மாமா

போன் ஏன் அடிக்கவில்லை என்று கண்டுபிடித்தேன். வயரையும் தின்றிருக்கிறது.


ஏப்ரல் 20

மாமா,

நேராக எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஒவ்வொரு வரிக்கும் வியர்க்கிறது. உங்கள் மகள் தோளுக்குப் பின்னால் நின்று, 'தாங்கள்' என்று எழுத வரும்போதெல்லாம் தலையில் குட்டுகிறாள்.

கேரட்டை வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். பிஸ்கட்டை நீங்கள் மட்டும் சாப்பிடுங்கள். ரொட்டி கூடவே கூடாது. புல் எப்போதும் அவர் முன்னால் மலை மாதிரி கிடக்க வேண்டும், தீர்ந்தது என்ற பேச்சே வரக்கூடாது. டாக்டரம்மா சரி என்றதும் கீரை கொஞ்சம் கொடுங்கள், கொத்தமல்லித்தழை என்றால் அவருக்கு உயிர். சிரிஞ்சியை நேராக வாய்க்குள் விடாதீர்கள், புரையேறும். பக்கவாட்டில் விட்டு, அவர் விழுங்கின பிறகு அடுத்த சொட்டு. குளிப்பாட்டிவிடாதீர்கள். மேசைக்கடியில் ஒரு வயர் இருக்கக்கூடாது. உருண்டைகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள், அதில்தான் அவர் உயிர் இருக்கிறது.

அந்தச் சிலர் என்று ஒருவரும் இல்லை மாமா. நான்தான். உங்களிடம் தப்பு என்று சொல்ல எனக்குப் பயம். மருமகன் வாய் நீளக்கூடாது என்று நினைத்தேன். மேனேஜருக்கு ஏதாவது ஆனால் நான் குற்றம் சொல்வது என்னைத்தான், உங்களை அல்ல.

என்னை இனி 'நீ' என்றே சொல்லுங்களேன். எனக்கும் எழுத லேசாக இருக்கும்.

மருமகன்


மே 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகமா? இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நான், மேனேஜர்.

உங்கள் கடிதத்தை மேசைக்கு மேலே ஊசி குத்தி வைத்து, அப்படியே செய்தேன். கூழை விழுங்குவார், துப்புவார், என் சட்டையில் துடைப்பார். டாக்டரம்மா, "விடாம குடுங்க ஐயா" என்றார். விடாமல் கொடுத்தேன். கடைக்கு வந்தவர்களை, "மேனேஜர் சாப்புடுறாரு, அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பினேன். இந்தக் கடைக்கு ஒரு மேனேஜர் வந்துவிட்டார், கிழவர் பாடு திண்டாட்டம் என்று தெருவெல்லாம் பேச்சு.

போன வியாழக்கிழமை பேக்கரிக்காரரின் கால்சட்டை இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் எதிரே துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசைக்கடியில் கறுக் முறுக் என்று சத்தம். ஒரு புல் தாள் வாய்க்குள் போகிறது, இன்னொன்று போகிறது, தாடை அரைக்கிறது. என் மெஷின் ஓடுகிற சத்தம்கூட எனக்கு அவ்வளவு இனித்ததில்லை. சாயங்காலத்துக்குள் உருண்டைகளும் வந்தன. பெரிது பெரிதாக, உருண்டை உருண்டையாக. "போட்டுட்டார்! மேனேஜர் போட்டுட்டார்!" என்று கத்திவிட்டேன். பேக்கரிக்காரர் துண்டோடு எழுந்து நின்றுவிட்டார். விஷயம் தெரிந்ததும் மனிதர் கை கொடுத்தார். மெலிந்தது அவரில்லை என்று தெரிந்ததிலிருந்தே அவருக்கு என்மேல் பிரியம்.

புது நாடா வாங்கியாயிற்று. சுவரில் உயரத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். இடுப்பு பதின்மூன்றரை. முனையைக் கண்ணால் பார்த்து அளந்தது.

'நீ' என்பதெல்லாம் என் வாயில் வராது. மாப்பிள்ளை மாப்பிள்ளைதான்.

இப்படிக்கு,
மாமா


ஜூலை 20

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் மேனேஜரும் மொட்டை மாடியில் புல் வளர்ப்பதாக டாக்டரம்மா உங்கள் மகளிடம் போனில் சொன்னாராம். தினமும் காலையில் நீங்கள் முன்னால் நடக்க, அவர் பின்னாலேயே மாடிப்படி ஏறுகிறாராமே? என் பின்னால் ஒரு நாளும் அப்படி வந்ததில்லை.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வீடு கிடைத்துவிட்டது. பின்பக்கம் சின்னத் தோட்டம், சுற்றிலும் கம்பிவலை, கேட்டில் ஒரு அறிவிப்பும் இல்லை. ஆகஸ்ட் இரண்டாவது வாரம் கூடையோடு வந்து அவரை அழைத்துக்கொள்கிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இத்தனை மாதம் நீங்கள் பட்ட பாட்டுக்கு நான் என்ன செய்யப் போகிறேனோ தெரியவில்லை.

மருமகன்


ஜூலை 26

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வீடு கிடைத்தது மிக்க மகிழ்ச்சி. முயல் தங்களுடையது. அதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை. தாராளமாக வந்து அழைத்துப் போகவும்.

ஆகஸ்டில் ரயில் பயணம் முயல்களுக்கு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது என்று சிலர் சொல்கிறார்கள். டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தாராளமா கொண்டு போகலாம் ஐயா" என்றார். அவர் சொன்ன தொனியில் ஒரு தயக்கம் இருந்ததாக எனக்குப் பட்டது. பழகின இடத்தைவிட்டு மாற்றினால் சாப்பாடு குறையும் என்றும் சிலர் அபிப்பிராயப்படுகிறார்கள். தங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

மாடியில் புல் இப்போதுதான் தழைக்கிறது. அதை யார் சாப்பிடுவது என்பது ஒரு பிரச்சினை. பெரிய பிரச்சினை இல்லை. பயணத்துக்குக் கூடைக்கு ஒரு உறை தைக்கலாம் என்று அளவெடுத்து வைத்தேன். வேலை நெரிசலில் கை வைக்க நேரமில்லை. நேற்றும் நேரமில்லை. இன்றும் அவ்வளவாக இல்லை.

பத்து மணி டீ குடிக்கும்போது பக்கத்தில் ஒரு ஆள் இருப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. பிஸ்கட் கொடுப்பதில்லை. அவர் புல் சாப்பிடுவார், நான் டீ குடிப்பேன். மகள் கல்யாணமாகிப் போனபிறகு இந்த வீட்டில் யாராவது மென்று சாப்பிடும் சத்தம் கேட்பது இப்போதுதான். பழக்கம்தானே, போய்விடும். தங்கள் வசதிப்படி வரவும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்


ஜூலை 30

மாமா,

உங்கள் கடிதத்தில் சிலர் வந்து உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். என் கடிதத்தில் குடியிருந்துவிட்டுக் காலி செய்து போனவர்கள்தான். 'தாங்கள்' என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகளிடம் சொன்னால் உங்கள் தலையிலும் குட்டுவாள்.

எனக்கு மேனேஜர் வேண்டும். அதை மறைக்கப்போவதில்லை. தோட்டத்தில் அவருக்கு ஒரு மூலையைக் கொத்தி வைத்திருக்கிறேன். அவரில்லாமல் அந்த மூலையைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். போன தடவை நான் சுற்றி வளைத்ததில் அவர் சாகக் கிடந்தார். இந்தத் தடவை நீங்கள் சுற்றி வளைத்தால் நான் கூடையோடு வந்து நிற்பேன், நீங்கள் சிரித்துக்கொண்டே தூக்கிக் கொடுப்பீர்கள், அப்புறம் டீயைக் குடிக்காமல் ஆறவிடுவீர்கள்.

அதனால் நேராகக் கேட்கிறேன். மேனேஜர் உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா?

மருமகன்


ஆகஸ்ட் 3

மாப்பிள்ளை,

வேண்டும்.

டிக்கெட்டை ரத்து செய்யாதே. மகளையும் கூட்டிக்கொண்டு வா. உன் கல்யாணக் கால்சட்டையை எடுத்து வா, பிடித்துத் தருகிறேன். கூடை இல்லாமல் வா.

மாமா